மீசைக்காரருக்கு எழவு

நேற்று மத்தியானம் எங்கள் வீட்டில் ஒரு எழவு. செத்தவர் பெல்ஜியம்காரர்.

1989-இல் தொடங்கி 70 பகுதிகள் ஓடி 2013 நவம்பரில் இங்கிலாந்தில் முடிந்துபோன பொய்ரோ டிவி தொடரை (அகதா கிறிஸ்டி கதைகளில் வரும் மீசைக்காரத் துப்பறிவாளர்தான் பொய்ரோ), பென்டிரைவில் ஏற்றி நானும் அப்பத்தாவும் இப்போதுதான் பார்த்து முடித்தோம். அப்பத்தாவுக்கு இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது, தேவையும் இல்லை. யார் திருட்டு முழி முழிக்கிறார்கள் என்று பார்த்தே கொலைகாரனைச் சொல்லிவிடும். பொய்ரோ என்ற பேர்தான் வாயில் நுழையாது. மீசைக்காரவுக.

கடைசிப் பகுதியில் மனிதர் சக்கர நாற்காலியில் வந்ததுமே, "ஏன்டா இம்புட்டு உருகிப்போனாக? சீனி வியாதியா?" என்றது. அந்த வேஷத்துக்காகவே டேவிட் சூஷே உடம்பை இளைத்தார் என்றேன். "சும்மா கெட."

செத்தே போனார். அப்பத்தா முந்தானையில் மூக்கைச் சிந்த, அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு அக்கா மாவுக் கிண்ணத்தோடு வந்தது. "மீசைக்காரவுக போய்ட்டாகடி!" அக்கா வேறொன்றும் கேட்கவில்லை, ஓடிவிட்டது. எங்கள் தெருவில் மீசை வைத்த பெருசுகளுக்கா பஞ்சம்? பால்காரத் தாத்தா வீட்டு வாசலில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். தாத்தா திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

1975-இல் இந்தக் கதை புத்தகமாக வரவிருந்தபோது நியூயார்க் டைம்ஸே முதல் பக்கத்தில் பொய்ரோவுக்கு இரங்கல் செய்தி போட்டது. எங்கள் தெருவை மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும்?

ஆறுதலாக இருக்கட்டும் என்று, கடைசி சீசனில் இந்தச் சாவுக் கதையைத்தான் முதலில் எடுத்தார்கள், மற்றதெல்லாம் அப்புறம்தான் என்றேன். "அப்ப பொழைச்சுட்டாகளா?"

சரி, கதைக்கு வருகிறேன். அதில் வரும் நார்ட்டன் தன் கையால் கொல்ல மாட்டான். இங்கே ஒரு வார்த்தை அங்கே ஒரு வார்த்தை போட்டு, அடுத்தவரை ஏற்றிவிட்டுக் கொல்ல வைப்பான். சட்டத்தில் சிக்க மாட்டான் என்று பொய்ரோவே அவனைச் சுட்டுவிடுவார். நான் சொல்லி முடிப்பதற்குள் அப்பத்தாவின் அழுகை நின்றுவிட்டது. "கோள்மூட்டிப் பய. நல்லாத்தான் செஞ்சாக. நம்ம வீட்டுக்கும் ஒருத்தன் வர்றான்ல?"

சாயங்காலம் செக்கானூரணி மாமா வந்தார். உட்காரும்போதே, "அத்தே, ஒங்க சின்னவன் என்ன சொன்னான் தெரியுமா..." என்று வழக்கம்போல ஆரம்பித்தார். அப்பத்தா டம்ளரை ணங்கென்று வைத்தது. "காப்பியக் குடிச்சிட்டு பஸ்ஸப் பிடி."

பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து மாமா எனக்குப் போன் போட்டார். "மாப்ள, அத்தைகிட்ட என்னப் பத்தி எவன்டா கோள் மூட்டுனது?"