வேலியில் ஏறிய கொடி

ஜூலை 6
வேலியின் மூலையில் நான் நடாத கொடி ஒன்று ஏறியிருக்கிறது. இதய வடிவ இலை. பார்த்ததும் சீந்தில் என்று முடிவு கட்டினேன். பூ வெள்ளையும் பச்சையும் கலந்த நிறம், நீளமான காம்பில் கொத்தாகத் தொங்குகிறது. அதைச் சுற்றி ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சி ஒன்று வட்டமடித்துக்கொண்டே இருந்தது. போனில் உள்ள செயலியிடம் படத்தைக் காட்டினால் மூன்று பெயர் சொல்கிறது, மூன்றும் வேறு வேறு. அம்மாவுக்கு அனுப்பினேன். "பூவை வச்சு எனக்கென்னடா தெரியும், காய் விட்டா அனுப்பு" என்றார்.

ஜூலை 8
சீந்தில் இல்லை. சீந்திலில் இலைகள் மாறி மாறி வரும். இதில் ஒவ்வொரு கணுவிலும் எதிரெதிராக இரண்டு. ஒரு இலையைக் கிள்ளினேன், வெள்ளையாகப் பால் துளிர்த்தது. கசக்கினால் மூக்கைச் சுளிக்க வைக்கும் நாற்றம். இலை மேலெல்லாம் மெல்லிய பூனைமுடி. பற்றுக்கம்பி எதுவும் கிடையாது, தண்டே கம்பியைச் சுற்றி முறுக்கிக்கொண்டு ஏறுகிறது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். இந்த வகைப் பால் கண்ணில் பட்டால் வம்பு.

ஜூலை 10
பெயரில் பாதியைப் பட்டாம்பூச்சியே சொல்லிவிட்டது. இரண்டு நாளாகத் தேனுக்குத்தான் வருகிறது என்று நினைத்திருந்தேன். இன்று பக்கத்தில் நின்று பார்த்தால் பூவை அது கண்டுகொள்ளவே இல்லை. இலை இலையாக உட்கார்ந்து காலால் தட்டிப் பார்த்தது. பிறகு ஒரு இலையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வயிற்றை அடிப்பக்கம் வளைத்தது. போனதும் இலையைத் திருப்பினேன். கடுகைவிடச் சிறிதாக ஒரே ஒரு வெள்ளை முட்டை.

வெந்தய வரியன். பின்னிறகின் நடுவில் மூன்று கரும்புள்ளி, அதனால் பெண். ஆணுக்கு நான்கு இருக்கும். எருக்கஞ்செடியிலும் அதன் உறவுச் செடிகளிலும்தான் இது முட்டையிடும். அப்படியானால் என் கொடியும் எருக்கு வகையறா. பால், எதிரெதிர் இலை, எல்லாம் பொருந்துகிறது. செயலி சொன்ன மூன்றில் ஒன்றுகூட அந்தக் குடும்பம் இல்லை!

ஜூலை 13
முட்டை பொரிந்துவிட்டது. வெளியே வந்த புழு முட்டையின் ஓட்டையும் தின்றுவிட்டது.

ஜூலை 22
புழு இப்போது என் சுண்டுவிரல் நீளம். கருப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகள், முதுகில் மூன்று ஜோடிக் கருங்கொம்பு. இன்று இதைப் பார்த்தே அரை மணி நேரம் போனது. நேராகத் தின்ன ஆரம்பிக்கவில்லை. முதலில் நடுநரம்பைக் கடித்துப் பால் வரும் வழியை அடைத்தது. இலை துவண்டு தொங்கியதும், அதற்கு அப்பால் உள்ள பகுதியை நிதானமாகக் கொறித்தது. இந்தச் செடிகளின் நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொள்ளும் இனம் இது. வளர்ந்து பறக்கும்போதும் அந்த நஞ்சு கூடவே இருப்பதால், ஒருமுறை தின்று வாந்தியெடுத்த பறவை மறுமுறை கிட்டே வராது. அப்படிப்பட்ட புழுவே வாய் நிறையப் பால் வந்துவிடக் கூடாதென்று இவ்வளவு பார்க்கிறது.

ஆகஸ்ட் 3
வேலிக் கம்பியில் தொங்கிய பச்சைக் கூட்டுப்புழு நேற்று இரவே கருத்திருந்தது. காலையில் போனால் வெறும் கூடு. அலாரம் வைத்தும் எழுந்திருக்காதது என் தப்பு.

செப்டம்பர் 7
காய்! ஒரே காம்பில் இரண்டு, கொம்பு மாதிரி விரிந்து, நுனி கூராக. மேலே முள் போலத் தெரிந்தது, தொட்டால் மெத்தென்று இருக்கிறது. படம் அனுப்பி ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, அம்மா கூப்பிட்டார். "வேலிப்பருத்திடா. உத்தாமணின்னும் சொல்லுவாங்க. இதுக்கா ரெண்டு மாசம் மண்டையை உடைச்சிக்கிட்ட?"

வேலி சரி. பருத்தி எங்கே என்று கேட்டேன். காய் முற்றி வெடித்தால் ஒவ்வொரு விதையிலும் பட்டு மாதிரி பஞ்சு இருக்கும், காற்று தூக்கிக்கொண்டு போய்விடும் என்றார். ஒரு ஜோடிக் காயை வலைத்துணியில் கட்டி வைத்திருக்கிறேன்.