மேசைக்கு அடியில் கிடந்த துணி

2020 மார்ச் 18ஆம் தேதி மொரிஷியஸில் முதல் மூன்று கொரோனா நோயாளிகளை அறிவித்தார்கள். இரண்டே நாளில் நாட்டை மூடிவிட்டார்கள். வாக்வாவில் நான் வேலை பார்க்கும் பின்னலாடை கம்பெனியில், முந்தின நாள் லே போட்ட, அதாவது வெட்டுவதற்காக விரித்து அடுக்கிய, நீல நிறத் துணி எண்பது அடுக்கு, மேலே வெட்டும் கோடு வரைந்த மார்க்கர் தாளோடு, வெட்டாமல் அப்படியே மேசையில் கிடந்தது.

நான் திருப்பூர்க்காரன். பனியன் கம்பெனியில் கைமடிக்கிற பையனாகச் சேர்ந்து, கட்டிங் மாஸ்டராகி, 2014இல் இங்கே வந்தவன். ஊரடங்கின் முதல் வாரங்களில் தம்பி ஊரிலிருந்து ஒரு படம் அனுப்பினான். நொய்யலில் நுரை இல்லை. ‘ஆறு மூச்சு விடுது பாருண்ணா’ என்று கீழே எழுதியிருந்தான். எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவில் சாயப்பட்டறைகளை மூடினார்களே, அப்போதும் ஆறு மூச்சு விட்டிருக்கும். சாயம் போட்ட துணி வராமல் எங்கள் மேசை காலியாகக் கிடந்தது. சனிக்கிழமைக் கூலிக்கு ஆட்கள் கேட் பக்கம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனதும் எனக்கு நினைவிருக்கிறது. அதற்காகச் சாயப்பட்டறை பக்கம் பேசவும் எனக்கு வாய் வராது. பாசனத்துக்கென்று ஒரத்துப்பாளையத்தில் கட்டிய அணையில் தேங்கிய சாயத் தண்ணீரை வயலுக்கு விடாதீர்கள் என்று விவசாயிகளே கும்பிட்டுக் கேட்க வேண்டி வந்த ஊர் எங்களுடையது.

இங்கேயும் கம்பெனிக்குப் பின்னால் ஒரு கால்வாய் ஓடுகிறது. பத்தே நாளில் அதன் அடியில் இருந்த கல் தெரிந்தது. மின்கம்பியில் கொண்டைக்குருவிகள் வந்து உட்கார்ந்து காலையிலிருந்து கத்தின. இங்கே பேசும் கிரியோல் மொழியில் அதற்குக் ‘கொந்தே’ என்று பெயர். நம் கொண்டையேதான் என்று நானாக நினைத்துக்கொண்டேன். ஆசியாவிலிருந்து கொண்டுவந்த பறவை அது. பழத்தையெல்லாம் கொத்துகிறது என்று இங்கே தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு அதைக் கண்டாலே ஆகாது. இயற்கை திரும்பிவிட்டது என்று சந்தோஷப்படக்கூட எனக்குக் கிடைத்தது பிழைக்க வந்த ஒரு குருவிதான்.

கடைகளையும் ஒரு வாரம் போல மூடினார்கள். ஏப்ரல் 2ஆம் தேதி திறந்தபோது ஓர் ஏற்பாடு செய்தார்கள்: குடும்பப் பெயரின் முதல் எழுத்துப்படிதான் சூப்பர்மார்க்கெட்டுக்குள் விடுவார்கள். ஏ முதல் எஃப் வரை திங்களும் வியாழனும், ஜி முதல் என் வரை செவ்வாயும் வெள்ளியும், ஓ முதல் இசட் வரை புதனும் சனியும். நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அப்பா பெயர் இருக்கிறது. ‘எஸ்’. ஆகவே நான் புதன்கிழமைக்காரன் ஆனேன்.

பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் வயதான அம்மா தமிழ்க் குடும்பம்தான், ஐந்தாவது தலைமுறை. காவடி, சாமி, ‘ரஸோன்’ என்கிற ரசம் போலச் சில சொற்கள் தவிர தமிழ் தெரியாது. ஆறு வருஷமாக எங்களுக்குள் வணக்கத்தைத் தாண்டிப் பேச்சு போனதில்லை. அவருடைய எழுத்து ‘எம்’, செவ்வாய்க்கிழமை. முட்டி வலியோடு வெயிலில் இரண்டு மணி நேரம் வரிசையில் நிற்க முடியுமா? “தந்தீன், சீட்டு எழுதிக் கொடுங்க, நான் புதன்கிழமை போறப்ப வாங்கிட்டு வர்றேன்” என்று எனக்குத் தெரிந்த அரைகுறைக் கிரியோலில் சொன்னேன். தந்தீன் என்றால் அத்தை மாதிரி. எதிரே விடுதியில் இருந்த எங்கள் கம்பெனி வங்காளதேசப் பெண்களில் நிறையப் பேர் அக்தர், பேகம். அவர்கள் திங்கள், வியாழன். பால் பவுடர் திங்கள்கிழமை வரும், பருப்பு புதன்கிழமை வரும் என்று எங்கள் சந்துக்குள்ளேயே ஒரு கணக்கு உண்டாகிவிட்டது. யாரும் உட்கார்ந்து திட்டம் போடவில்லை. எழுத்துகள் எங்களைப் பிரித்துவைத்திருந்தபடியால் ஒருத்தரை ஒருத்தர் கேட்டே ஆக வேண்டியிருந்தது.

ஏப்ரல் நடுவில் முப்பது பேருக்கு மட்டும் போலீஸ் அனுமதிச் சீட்டு வாங்கி, மாஸ்க் தைக்கக் கூப்பிட்டார்கள். புதுத் துணி வர வழியில்லை. எலாஸ்டிக் சுத்தமாகத் தீர்ந்துபோயிருந்தது. இருந்ததெல்லாம் கட்டிங் வேஸ்ட். நூறு கிலோ துணி வெட்டினால் பத்துப் பதினைந்து கிலோ துண்டாகவே போகும். திருப்பூரில் அதற்கென்றே வியாபாரிகள் உண்டு. வெள்ளை ஒரு விலை, கலர் ஒரு விலை, எடை போட்டு வாங்கிப் போவார்கள். இங்கே எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி லாரியில் ஏற்றிவிடுவோம். அது மார் ஷிக்கோஸுக்குப் போகும். தீவுக்கே இருக்கிற ஒரே குப்பைக் கிடங்கு அது. இத்தனை வருஷம் ஒரு நாளும் எனக்கு அது உறுத்தியதில்லை. உறுத்தியிருக்க வேண்டும்.

முதல் நாள் தைத்த மாஸ்க் அத்தனையும் வீண். தப்பு என்னுடையதுதான். ஜெர்சி, அதாவது பனியன் துணி, அகலவாக்கில்தான் அதிகம் இழுபடும். துண்டு சின்னதாக இருக்கிறதே என்று மிச்சம் பிடிக்கப் பார்த்து, நீளவாக்கையும் அகலவாக்கையும் கலந்து வெட்டிவிட்டேன். போட்டுக்கொண்டு நாலு வார்த்தை பேசினால் மாஸ்க் மூக்கிலிருந்து நழுவித் தாடைக்கு வந்துவிடும். ஓவர்லாக் தையல் எந்திரத்தில் இருந்த ஒரு வங்காளிப் பெண் போட்டுப் பார்த்துவிட்டு, “மாஸ்டர், இது தாடிக்கா?” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான்.

காதுக் கயிற்றுக்கு வழி சொன்னதும் அவள்தான். ஜெர்சி துணியில் ஒரு விரல் அகலத்துக்குப் பட்டை வெட்டி, இரண்டு முனையையும் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தால், ஓரம் இரண்டும் தானாகச் சுருண்டு உருட்டின கயிறு மாதிரி ஆகிவிடும். தைக்கவே வேண்டாம், எலாஸ்டிக் மாதிரி நீளும், காதில் அறுக்காது. துணி சுருண்டுகொள்கிறதே என்று இருபது வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்தவன் நான். அதை ஒரு குணமாகப் பார்க்க அவள்தான் கற்றுக்கொடுத்தாள்.

முகத்தில் படுவது பருத்தியாக இருக்க வேண்டும் என்று, வேஸ்ட்டைப் பருத்தி தனி, பாலியஸ்டர் தனியாகப் பிரித்து மூட்டை கட்டினோம். மே கடைசியில் ஊரடங்கு முடிந்த பிறகும் அந்தப் பழக்கம் நின்றது. சரி, எதற்கு விட வேண்டும் என்றுதான்.

அப்புறம் வந்தது வாகாஷியோ. ஜூலை 25ஆம் தேதி தென்கிழக்குக் கரையில் புவாந்த் தெஸ்னிக்கு எதிரே பவளப்பாறையில் ஏறி நின்ற ஜப்பானியக் கப்பல். ஆகஸ்ட் 6ஆம் தேதி அதிலிருந்து எண்ணெய் கசிய ஆரம்பித்து, ஏறக்குறைய 1000 டன் கடலில் கலந்தது. அந்த வார இறுதியில் ஜனங்கள் மாயேபூர் கடற்கரைக்குத் திரண்டு வந்து, கரும்புச் சோகையைத் துணிக்குள் திணித்து நீளநீளமான மிதவைகள் செய்தார்கள். எங்கள் கம்பெனியிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் போனோம். வட்டப் பின்னல் எந்திரத்திலிருந்து துணி குழாயாகத்தான் வரும். அதைக் கிழிக்காமல் அப்படியே கொண்டுபோனால் தைக்கிற வேலை மிச்சம். ஒரு முனையை முடிச்சுப் போட்டு, சோகையை அடைத்து, மிதக்கக் காலி பிளாஸ்டிக் பாட்டில்களையும் சொருகி, மறுமுனையைக் கட்ட வேண்டியதுதான். பாலியஸ்டர் மூட்டைகளைத்தான் முதலில் இறக்கினோம். பருத்தி தண்ணீரைக் குடித்து அமிழ்ந்துவிடும், பாலியஸ்டர் எண்ணெயைப் பிடிக்கும். பிரித்து வைத்திருந்ததால் தேட வேண்டியிருக்கவில்லை.

கறுப்பு எண்ணெய் நகக்கண்ணில் ஏறினால் சோப்புக்குப் போகாது. சமையல் எண்ணெய் போட்டுத்தான் தேய்த்தோம். தலைவலி இரண்டு நாள் இருந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் கடைக்கு எழுத்து எழுத்தாகப் பிரித்து அனுப்பப்பட்டவர்கள் அன்று ஒரே குழாய்த் துணியின் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சந்தில் பால் பவுடர் மாற்றிக்கொள்ளாமல் இருந்திருந்தால் விடுதிப் பெண்கள் என்னோடு வேன் ஏறியிருப்பார்களா என்று தெரியவில்லை.

ஆர்டர் திரும்பியது. மேசையில் கிடந்த நீலத் துணியை வெட்டி முடித்தோம். கால்வாயில் இப்போது கல் தெரிவதில்லை. பிரித்துக் கட்டும் பழக்கம் என் மேசைக்கு மட்டும் இருக்கிறது, பக்கத்து மேசைக்கு இல்லை. இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன்.

எழுத்து முறை போய் எவ்வளவோ நாளாகிவிட்டது. ஆனாலும் புதன்கிழமை சாயங்காலம் வேலி ஓரமாக ஒரு தூக்குப் பாத்திரம் வரும். உள்ளே ரஸோன் இருக்கும். “மோ கார்சோன் (என் பையா), இன்னைக்கு உன் நாள்” என்பார் தந்தீன். கூடவே ஒரு சீட்டும் இருக்கும். கடை அவர் வீட்டிலிருந்து இருநூறு அடிதான்.