மருந்துத் துணியை எங்கே துவைக்கிறீர்கள்?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் மருந்தடிப்பது, அதாவது களைக்கொல்லியும் பூச்சிமருந்தும் தெளிப்பது, நெடுங்காலம் பெண்கள் வேலையாகவே இருந்தது. என் அம்மாவும் அந்தக் கூலியில்தான் எங்களைப் படிக்க வைத்தார். நகம் கறுத்து உதிர்ந்த கைகளைப் பார்த்தே வளர்ந்தவள் நான். தோட்ட மக்களின் உடல்நலம் குறித்து யார் ஆய்வுக்கு வந்தாலும், மொழிபெயர்த்து உதவ முதல் ஆளாகப் போய்விடுவேன்.

சென்ற ஆண்டு வந்த குழுவின் வினாத்தாளில் ஒரு கேள்வி: "பாதுகாப்பு உடை அணிகிறீர்களா?" கோயில் மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் ஆம் என்றார்கள். பொய்யில்லை. கையுறை உண்டு, விரல் நுனியில் ஓட்டையும் உண்டு. முகமூடியும் உண்டு, வெயில் ஏறி, வியர்வையில் ஊறி மூச்சு முட்டும்போது அது கழுத்துக்கு இறங்கிவிடும். 'ஆம்' என்று குறிக்கும் கட்டத்தில் இதெல்லாம் எங்கே ஏறும்?

அப்போது பின்வரிசையிலிருந்து ஓர் அக்கா, "தம்பி, மருந்துத் துணியை எங்கே துவைக்கிறோம் என்று கேட்கவில்லையே?" என்றார். மண்டபமே பேசத் தொடங்கிவிட்டது. பிள்ளைகளின் பள்ளிச் சீருடையோடு ஒரே வாளியில் ஊறவைத்தவர்கள் இருந்தார்கள். வேலையிடத்தில் குளிக்க வசதியின்றி, அதே உடையில் வீட்டுக்கு வந்து கைக்குழந்தையைத் தூக்கியவர்களும் இருந்தார்கள். கேள்வி கேட்ட அந்தக் குழுவின் தம்பி பொறுமையாக எழுதிக்கொண்டார். திருத்திய படிவத்தில் அக்காவின் கேள்வி இடம்பெற்றது. அந்தத் தம்பியை மனதாரப் பாராட்டுகிறேன்.

இது புதிய வழியும் அல்ல. 2002இல், பெண் தொழிலாளர், புலம்பெயர் தொழிலாளர் உரிமைகளுக்காக மலேசியாவில் இயங்கும் தெனாகனித்தா அமைப்பு மருந்தடிக்கும் பெண்களிடம் பேசித்தான் தோட்டங்களில் நடக்கும் நச்சுப் பாதிப்பை வெளிக்கொண்டு வந்தது. அவர்கள் கையாண்ட பராகுவாட் களைக்கொல்லிக்கு அதே ஆண்டு தடை வந்தது, 2006இல் தளர்ந்தது, 2020 ஜனவரி முதல் நாளில்தான் முழுமையாக அமலுக்கு வந்தது. தங்கள் சுகாதாரப் பராமரிப்பைத் திட்டமிடுவதில் பங்கேற்பது மக்களின் உரிமையும் கடமையும் என்று 1978இல், ஆரம்ப சுகாதாரம் பற்றிய உலக மாநாடு வெளியிட்ட அல்மா ஆட்டா பிரகடனம் சொல்லிவிட்டது. எங்கள் மண்டபத்துக்கு மட்டும் கேள்விகள் இன்னமும் அச்சடித்தே வருகின்றன.

வினாத்தாள் வரைவாக இருக்கும்போதே எங்களிடம் வரட்டும். கூட்டத்துக்காக வேலையை விட்டு வருபவருக்கு அன்றைய கூலியைக் கொடுங்கள். முடிவுகளைத் தமிழில் எங்களுக்கே வந்து சொல்லுங்கள். கிளினிக்கில் தோல் அரிப்புக்குக் களிம்பு எழுதிக் கொடுக்கும் முன், என்ன வேலை செய்கிறார் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

இன்று மருந்துத் தொட்டியை முதுகில் சுமப்பவர்களில் பலர் இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்கள். எங்கள் அக்காமார்களுக்குக் கிடைத்த மண்டபமும் அவர்களுக்கு இல்லை. அடுத்த கூட்டத்தில் அவர்களும் உட்கார வேண்டும், அவர்கள் மொழி தெரிந்தவர் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்று குழுவிடம் கேட்டிருக்கிறேன். அவர்களுக்கு ஓய்வு ஞாயிற்றுக்கிழமை மாலைதான். கூட்டத்தையும் அப்போதே வைக்கச் சொல்லியிருக்கிறேன்.