உழவுக்காட்டில் கிடக்கும் சரித்திரம்

மழை பெய்த மறுநாள் உழவு ஓட்டிய காட்டில் நடந்து பாருங்கள். மண் கழுவிப்போய் பானை ஓடுகள் மேலே வந்து கிடக்கும். லீவு கிடைத்தால் நான் நொய்யல் ஆற்றங்கரைப் பக்கம்தான், ஈரோடு மாவட்டத்தில் அகழாய்வு நடந்த கொடுமணலைச் சுற்றி.

"ஏனுங்க, இந்த ஓட்டாஞ்சில்லைப் போயி இப்படிப் பாக்கறீங்க?" என்றார் ஒரு தோட்டத்துக்காரர். காட்டினேன். உள்பக்கம் கருப்பு, வெளிப்பக்கம் சிவப்பு. சூளையில் கவிழ்த்துச் சுட்டதால் உள்ளே காற்றுப் புகாமல் கறுத்தது. இதே மாதிரி ஓடுகளில்தான் இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தி இங்கே வாழ்ந்தவர்கள் ஆதன் என்றெல்லாம் பெயரைத் தமிழி என்ற பழைய தமிழ் எழுத்தில் கீறி வைத்திருக்கிறார்கள். அகழாய்வில் துளை பாதியில் நின்றுபோன கல்மணிகளும் கிடைத்தன. அப்படியென்றால் மணி இங்கேயே செய்திருக்கிறார்கள்! மணி செய்யப் பச்சைக்கல் (பெரில்) பக்கத்துப் படியூரில் கிடைத்தது. இதை நினைத்தாலே எனக்குப் புல்லரிக்கும்.

நான் எதையும் எடுத்துவருவதில்லை. படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு அங்கேயே வைத்துவிடுவேன். எந்த மண்ணில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பது போய்விட்டால் அது வெறும் ஓடு. புதையல் என்றால் 1878ஆம் வருஷச் சட்டப்படி கலெக்டருக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

சரி, உங்கள் ஊர்ப் பக்கம் புலியோடு சண்டையிட்டுச் செத்தவருக்கு நட்ட புலிகுத்திக்கல், வீரருக்கு நட்ட நடுகல் எங்காவது வேலியோரம் சாய்ந்து கிடந்தால் ஒரு படம் எடுத்து, ஊர்ப் பெயரோடு கமெண்ட்டில் போடுங்கள். காங்கேயம், தாராபுரம் பக்கத்து ஆட்கள் கட்டாயம்! அடுத்த வாரம் அந்தப் பக்கம்தான் வருகிறேன்.