பூசைக்குப் பின்னாடி ஒரு யூதச் சாப்பாட்டு மேசை

நற்கருணையோட, அதாவது பூசைல அப்பமும் திராட்சரசமும் பகிர்ந்துக்குற சடங்கோட, யூதப் பின்னணின்னு சொன்னாலே எல்லாரும் நேரா யூதர்களோட விடுதலைத் திருநாளான பாஸ்கா விருந்துக்குத்தான் ஓடுறாங்க, எனக்கென்னமோ யூத வீட்டுல சாப்பாட்டுக்கு முன்னாடியும் பின்னாடியும் சொல்ற சாதாரண ஜெபங்களத்தான் மொதல்ல பாக்கணும்னு தோணுது. திதாக்கேன்னு ஒரு ஆதி கிறிஸ்தவக் கையேடு இருக்கு, 1873ல கான்ஸ்டான்டினோபிள்ல பிரியெனியோஸ்ங்கிற கிரேக்க மதகுரு கையில கெடச்சு 1883ல அச்சாச்சு, அதுல நம்ம பூசையோட ஆர்டரே தலைகீழ், மொதல்ல திராட்சரசக் கிண்ணம் அப்புறம்தான் அப்பம்! கிண்ணத்த எடுத்து தாவீதோட பரிசுத்த திராட்சைக்கொடிக்காக நன்றி சொல்றாங்க, அப்பத்த எடுத்து, மலைமேல சிதறிக்கெடந்தது ஒரே அப்பமா ஆன மாதிரி உம்ம சபையும் ஒண்ணு சேரட்டும்னு வேண்டுறாங்க. இதுதான் உடல், இதுதான் இரத்தம்ங்கிற வார்த்தையே அந்த ஜெபத்துல கிடையாது, இயேசுவோட கடைசி இராவுணவு பத்தியும் பேச்சில்ல.

அப்புறம் "வயிறு நெறஞ்ச பிறகு" சொல்ல இன்னொரு ஜெபம். அப்போ அது நெசமான சாப்பாடுதான், நாக்குல வைக்கிற சின்ன அப்பம் இல்ல (கொரிந்து ஊர்ச் சபைல ஒருத்தன் பட்டினி கெடக்க இன்னொருத்தன் குடிச்சு வெறிச்சான்னு அப்போஸ்தலர் பவுல் கடிதத்துல திட்டுறாரே, அதுவும் இந்த மாதிரி பந்திதான்). யூதர்கள் சாப்ட்டு முடிச்சதும் உணவுக்கு நன்றி, நாட்டுக்கு நன்றி, எருசலேமுக்காக வேண்டுதல்னு சொல்வாங்க, திதாக்கேல எருசலேம் எடத்துல சபை வந்து உக்காந்துக்குது.

இவ்ளோ ஒட்டா இருந்துட்டு, அதே கையேடு, "அந்த வெளிவேஷக்காரங்க" (யூதர்களத்தான் குத்துது போல) திங்கள் வியாழன் நோன்பு இருக்காங்க, நீங்க புதன் வெள்ளி இருங்கன்னு வேற சொல்லுது, பங்காளிச் சண்டையேதான் 😄