அம்மாவின் ரோசம்

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லி வாங்கி, கட்டி, தெருத்தெருவாக முழம் போட்டு விற்றவர் என் அம்மா. ஒருநாள் ஒருவர் காசைக் கூடைக்குள் வீசினார். அம்மா பூவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "கையில குடுங்கண்ணே, இல்லாட்டி வேணாம்." ரோசம் ஜாஸ்தி என்று முனகியபடி அவர் போனார்.

ரோசம் சட்டென்று பொங்கி அடங்கிவிடும். வீம்புக்கு எதிராளி தோற்க வேண்டும். அம்மாவுக்கு இருந்தது தன்மானம். சுயமரியாதை என்ற சொல்லை, 1925-ல் தொடங்கிய பெரியாரின் இயக்கம் ஊர் ஊராகக் கொண்டுபோனது. அம்மா அதைப் படித்ததில்லை. தன்மதிப்பு இன்னும் ஆழமாக உள்ளே இருப்பது, யாரும் பார்க்காதபோதும்.

அன்று ராத்திரி மீந்த பூவை அம்மா தன் தலையிலேயே வைத்துக்கொண்டார்.