நிறம் போச்சு, சாயம் போச்சா?

ஒளிவினையூக்கியில், அதாவது ஒளி பட்டதும் வேதிவினையைத் தூண்டும் பொருளில், பிஎச்டி சேரப்போகிறேன், எங்கே தொடங்குவது என்று கேட்கிறவர்களுக்காக எழுதுகிறேன். நான் எடுத்தது சாயக் கழிவுநீரை இதை வைத்துச் சுத்தம் செய்வது. நொய்யல் நிறம் மாறி ஓடியதையும், 2011இல் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதையும் பார்த்து வளர்ந்தவனுக்கு வேறு தலைப்பு மனதில் நிற்கவில்லை.

எல்லாரையும் போல டைட்டானியம் டை ஆக்சைடில்தான் ஆரம்பித்தேன். 1972இல் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் ஒளியால் தண்ணீரைப் பிரித்துக் காட்டியது இதை வைத்துத்தான். ஆனால் இதற்குப் புற ஊதா ஒளி வேண்டும், நம் வெயிலில் அது சுமார் 5 விழுக்காடுதான். அதனால் கார்பன் நைட்ரைடுக்கு மாறினேன். மெலமைனை மூடி போட்ட குரூசிபிளில் (சூடு தாங்கும் கிண்ணத்தில்) வைத்து 550 டிகிரிக்கு ஏற்ற வேண்டும். மூடி சரியாக உட்காராவிட்டால் பாதிக்கு மேல் ஆவியாகிவிடும், அம்மோனியா வேறு வரும் என்பதால் எக்ஸாஸ்ட் ஓடாமல் ஃபர்னஸைத் தொடவே கூடாது. ஆறியபின் திறந்தால் அடியில் வெளிர்மஞ்சள் கட்டி. அதைக் கல்வத்தில் அரைத்தால் கண்ணுக்குத் தெரியும் நீல ஒளியையும் உறிஞ்சும் தூள் தயார்.

அப்புறம் தூளைச் சோதிக்க மெத்திலீன் புளூ என்ற நீலச் சாயக் கரைசல். தூளைப் போட்டு முதலில் இருட்டில் கலக்குங்கள், ஏனென்றால் கொஞ்சம் சாயம் தூளிலேயே ஒட்டிக்கொள்ளும், அதை ஒளியின் கணக்கில் சேர்க்கக் கூடாது. தூள் போடாமல் வெறும் ஒளியிலும் ஒருமுறை ஓட்ட வேண்டும். விளக்கைப் போட்டபின் மாதிரி எடுத்து, சென்ட்ரிபியூஜில் சுற்றி, எந்த அலைநீள ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்ற ஸ்பெக்ட்ரம் பார்த்தால், சாயத்துக்குரிய 664 நானோமீட்டர் சிகரம் இறங்கிக்கொண்டே வரும். இறங்கும்போதே இடப்பக்கமும் (குறைந்த அலைநீளத்துக்கு) நகர்கிறதா என்று கவனியுங்கள். நகர்ந்தால் மூலக்கூறின் ஓரத்து மெத்தில் குழுக்கள் ஒவ்வொன்றாகக் கழல்கின்றன, நிறம் தரும் நடு வளையம் அப்படியே இருக்கிறது என்று அர்த்தம்.

என் கைடு விடாமல் கேட்டது இதைத்தான்: "நிறம் போச்சு, சரி. சாயம் எங்கப்பா போச்சு?" மெத்திலீன் புளூ தானே ஒளியை உறிஞ்சி எலக்ட்ரானை வினையூக்கிக்குத் தந்துவிடும், அதனால் அதை மட்டும் வைத்து நம் தூள் வேலை செய்கிறது என்று சொல்லவே முடியாது. நிறமே இல்லாத ஃபீனாலை வைத்தும் செய்தேன், தண்ணீரில் மிஞ்சிய மொத்தக் கரிமக் கார்பனையும் அளந்தேன். நிறம் மறையும் வேகத்துக்குக் கார்பன் குறையவில்லை, அதாவது சாயத்தின் துண்டுகள் தண்ணீரிலேயே கிடந்தன. பல ஆய்வுக்கட்டுரைகள் இந்த அளவீடு இல்லாமலேயே வருவது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

பட்டறைத் தண்ணீர் வந்ததும் வேகம் இன்னும் படுத்துவிட்டது. ரியாக்டிவ் சாயம் துணியில் ஏற உப்பை அள்ளிப் போடுவார்கள், சலவைச் சோடாவும் உண்டு. உப்பின் குளோரைடும் சோடாவின் கார்பனேட்டும், சாயத்தை உடைக்க வேண்டிய ஹைட்ராக்சில் ரேடிக்கல்களை (ஒளியில் உருவாகும் வினைத்துடிப்பான துகள்களை) வழியிலேயே பிடித்துக்கொள்கின்றன. அடர்ந்த நிறத்தில் ஒளியும் உள்ளே இறங்காது. அதனால் இதை முதல் கட்டத்தில் வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை, உயிரியல் சுத்திகரிப்பு முடிந்து மிஞ்சுவதை உடைக்கத்தான் இது சரி.

முதல் வருடமே ஒரு கேன் நிஜக் கழிவுநீர் வாங்கிவிடுங்கள். வாங்கும்போதே அன்றைக்கு என்ன சாயம், எவ்வளவு உப்பு போட்டார்கள் என்று கேட்டு கேன்மேலேயே எழுதி ஒட்டுங்கள், அடுத்த லாட்டில் இரண்டுமே மாறிவிடும்.